மின்சாரமும் பெண்கள் வேலையும்: நிலச் சாய்வைக் கருவி மாறியாக வைக்கலாமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நாட்டல் கிராமங்களில் மின்சாரம் வந்தபின் பெண்கள் வேலைக்குப் போவது கூடியதா என்று 1996, 2001 சென்சஸை வைத்துப் பார்க்கிறேன். சாய்வான நிலத்தில் கம்பி இழுப்பது கடினம் என்பதால் நிலச் சாய்வைக் கருவி மாறியாக (மின்சாரம் வருவதை மாற்றும், ஆனால் வேலையை நேரடியாக மாற்றாத ஒன்றாக) வைத்தால் விளைவு சாதாரண ரிக்ரஷனைவிடப் பல மடங்கு வருகிறது. எதை நம்புவது?

பதில்: பொருளாதார ஆய்வாளர் டிங்கல்மன் இதே பகுதியை வைத்து 2011இல் காட்டியதும் இதுவே. பெண்கள் வேலை 9 முதல் 9.5 சதவீதப் புள்ளி கூடியது. ஆண்களிடம் தெளிவான மாற்றமில்லை. பின்தங்கிய ஊர்களுக்கு முதலில் கம்பி இழுத்தால் சாதாரண ரிக்ரஷன் குறைத்துத்தான் காட்டும். சாய்வு மின்சாரத்தை எவ்வளவு பலமாக விளக்குகிறது என்று காட்டும் முதல் கட்ட எஃப் எண் 10க்குக் கீழே நின்றால், பலவீனமான கருவிக்கும் பொருந்தும் ஆண்டர்சன்-ரூபின் நம்பிக்கை இடைவெளி போடுங்கள், வழக்கமான இடைவெளி செல்லாது.

பதில்: எனக்குப் பெரிய பயம் ரோடுதான். சாய்வு அதிகமான ஊருக்கு ரோடும் வராது, வேலையும் வராது; அப்போது சாய்வு மின்சாரம் வழியாக மட்டும் வேலையை மாற்றுகிறது என்று சொல்ல முடியாது. ரோடு, டவுன், துணைமின் நிலையம் மூன்றுக்கும் உள்ள தூரத்தைச் சேருங்கள்; மாவட்ட டம்மியும் (ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு 0/1 மாறி) வேண்டும். பிறகு 1996க்கு முன்பே மின்சாரம் பெற்ற ஊர்களில் மட்டும் அதே ரிக்ரஷனை ஓட்டுங்கள். அங்கே புதிதாக மின்சாரம் வரவில்லை; அங்கும் சாய்வு வேலையை மாற்றினால் அந்தக் கருவி உதவாது.

பதில்: குடிவந்தவர்களை நீக்கியும் ஒருமுறை ஓட்டுங்கள், வேலை விகிதம் அவர்களாலும் ஏறும். சமையல் எரிபொருள் கேள்வி இரண்டு சென்சஸிலும் இருக்கிறது. விறகு குறையாமல் வேலை மட்டும் கூடியிருந்தால், வீட்டு வேலை நேரம் மிச்சமானதுதான் காரணம் என்று எழுதாதீர்கள்.