மறுமொழி: ‘லோ-கிரேடு இன்ஃப்ளமேஷன்’ – மனவழற்சியா, தணலழற்சியா?

ஐயா, வணக்கம்.

‘லோ-கிரேடு இன்ஃப்ளமேஷன்’ என்பது உடம்புக்குள் வெளியே தெரியாமல், லேசாக, நெடுநாள் நீடிக்கும் அழற்சி. அதற்கு ‘மனவழற்சி’ என்று வைக்கலாம் என்று நீங்கள் எழுதியதைப் பற்றி இரண்டு நாளாக யோசித்தேன். சொல் அழகுதான். ஆனால் நோயாளி கையில் போகும் துண்டறிக்கைக்கு வேண்டாம். மனசை ஒழுங்காக வைத்திருக்காததால்தான் உடம்பு கெட்டது என்ற பழி அதில் ஒட்டிக்கொள்ளும்.

உண்மையில் மனத்துக்கும் அழற்சிக்கும் நடுவே பாதை இரு பக்கமும் போகிறது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி-க்கு, நோயெதிர்ப்பைத் தூண்டும் இன்டர்ஃபெரான் ஊசி போட்ட காலத்தில் பலருக்கு மனச்சோர்வு வந்தது. அங்கே முதலில் கிளறப்பட்டது நோயெதிர்ப்பு. மனம் பின்னால்தான் வாடியது. 2018-இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பல நாள், நாளொன்றுக்குப் பல முறை ‘இப்போது எப்படி இருக்கிறீர்கள்’ என்று கேட்டுக் குறித்தார்கள். வாட்டம் மிகுந்திருந்தவர்களின் இரத்தத்தில் அழற்சிக் குறிகளும் மிகுந்திருந்தன. எது எதற்குக் காரணம் என்று அந்த ஆய்வு தீர்க்கவில்லை. அப்படியிருக்க, பெயரில் மட்டும் காரணத்தை ஏற்றலாமா?

செந்நிறம், சூடு, வீக்கம், வலி: அழற்சிக்கு, பண்டைய ரோமில் மருத்துவ நூல் எழுதிய கெல்சுஸ் காலம் முதல் சொல்லிவரும் அடையாளங்கள் நான்கு. லோ-கிரேடு வகையில் இவற்றில் ஒன்றுகூட வெளியே தெரியாது. கடும் தொற்றில், அழற்சியின்போது இரத்தத்தில் கூடும் புரதமான சி-ரியாக்டிவ் புரோட்டீன் லிட்டருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டும். இங்கே பெரும்பாலும் 3-க்கும் 10-க்கும் நடுவில், மாதக்கணக்கில் நிற்கும். ‘குறைநிலை அழற்சி’ என்றால், குறைந்துவிட்டது, நல்லதுதானே என்று எடுத்துக்கொள்வார்கள். ‘உள்காய்ச்சல்’ என்று இங்கே சாதாரணமாகச் சொல்வதால் ‘உள்ளழற்சி’ எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் மருத்துவ மாணவர்கள் அதை உட்சவ்வின் அழற்சி என்று படித்துவிடுவார்கள்.

நேற்று கீழமாசி வீதிப் பக்கம் ஒரு சந்தில், துணி தேய்ப்பவர் பெட்டியைத் திறந்தார். மேலே வெறும் சாம்பல். ரெண்டு தடவை விசிறியதும் உள்ளே தணல் சிவந்தது. அழற்சிக்குள் ‘அழல்’ ஏற்கெனவே இருக்கிறது. அழல் எழும்பி எரியும், தணல் மூடிக்கிடந்து காயும். ஆகவே ‘தணலழற்சி’. நீறு பூத்த நெருப்பை வைத்து ‘நீற்றழற்சி’ என்றும் எழுதிப் பார்த்தேன். நீறு என்றதும் மதுரைக்காரர்களுக்கு நெற்றிதான் நினைவுக்கு வரும்.

‘தணலழற்சி உள்ளவர்களுக்கு அசதியும் மனவாட்டமும் சேர்ந்து வரலாம்’ என்று வீட்டில் வாசித்துக் காட்டினேன். “வெளிய தெரியாம உள்ளுக்குள்ள கனியுதுங்கிறியா?” என்று அம்மா கேட்டார். எனக்கு அது போதும்.

அப்புறம், ஆங்கிலத்தில் ‘மூட்’ (mood) என்கிறோமே, அதற்கும் ஒரு சொல் தேடுகிறேன். ‘மனநிலை சரியில்லாதவர்’ என்ற பேச்சால் மனநிலை என்ற சொல்லே கனத்துவிட்டது. ‘மனவாட்டம்’ பாதியைத்தான் சொல்கிறது. காலையில் காரணமில்லாமல் வரும் தெளிச்சியையும் அடக்கிச் சொல்ல ஒரு சொல் வேண்டும். உங்களிடம் இருந்தால் அனுப்புங்கள்.

அன்புடன்,
மதுரையிலிருந்து