பறவை பார்க்கிற குழுவுக்கு வாட்ஸ்அப் போதாதா?

மண்டபத்தான்: "நம் சின்னக் குழு பேசிக்கொள்ள வாட்ஸ்அப்பே போதும், மற்றதெல்லாம் வெட்டிப் பந்தா" என்று ஒருவர் நேற்று எழுதியிருக்கிறார். போதாது. சேர்ந்த நிமிடமே என் நம்பர் எல்லாருக்கும் தெரிந்துவிடும். டெலிகிராமில் நம்பரை மறைக்கலாம்.

பாம்பன் அலை: அந்த ஒருவர் நான்தான். பெயரைச் சொல்லியே எழுதலாமே, என்ன பயம்? வாட்ஸ்அப் குழுவில் 1024 பேர் சேரலாம். நாம் ஒரு வேனில் அடங்கிவிடுவோம்.

மண்டபத்தான்: ஆள் கணக்கை யார் கேட்டது? நம்பர் தெரியும் என்றேன்.

தொண்டிக்காரி: எனக்கும் அதுதான் தொல்லை. தனுஷ்கோடிக்கு வேன் எப்போது என்று குழுவில் கேட்டேன். அன்று இரவே முன்பின் பேசாத ஒருவர் தனியாக "சாப்டாச்சா" என்கிறார்.

பாம்பன் அலை: பிளாக் செய்துவிடுங்கள் அக்கா, முடிந்தது. வாட்ஸ்அப் செய்தியை நம் குழுவுக்கு வெளியே யாரும் படிக்க முடியாது. டெலிகிராம் குழுவுக்கு அந்தப் பூட்டே கிடையாது, எல்லாம் அவர்கள் சர்வரில் கிடக்கும். தனுஷ்கோடியைப் பூநாரைச் சரணாலயமாக 2025-ல்தான் அறிவித்தார்கள். மேய்கிற இடம் வெளியே கசிந்தால் கேமராக்காரர்கள் அதன் மூக்கருகில் போய் நிற்பார்கள். இதற்குப் பதில் சொல்லுங்கள்!

மண்டபத்தான்: நம்பரை மறைக்க வழி உண்டா, இல்லையா?

கீழக்கரை மாமா: வாட்ஸ்அப்பிலேயே கம்யூனிட்டி என்று பல குழுக்களைச் சேர்க்கிற வசதி இருக்கிறது. அதைத் தொடங்கி, அதன் அறிவிப்புக் குழுவில் போட்டால் நம்பர் தெரியாது தம்பி.

மண்டபத்தான்: அங்கே அட்மின் மட்டும்தான் பதிவு போடலாம் மாமா. அட்மின் யார்? கொக்கைப் பூநாரை என்று போட்டுவிட்டு, திருத்தியவரைத் தூக்கியவர்.

பாம்பன் அலை: அது அந்தி வெயிலில் எடுத்த படம், சிவப்பாகத்தான் தெரியும்! இன்னும் எத்தனை காலத்துக்கு அந்தக் கொக்கு? அவரைத் தூக்கியது அதற்காக இல்லை. வேண்டாம் என்ற பிறகும் தினமும் ரோஜாப்பூவோடு காலை வணக்கம் போட்டார்.

கீழக்கரை மாமா: ரோஜாப்பூ போட்டது நானல்லவா? என்னைத் தூக்கவில்லையே?

பாம்பன் அலை: உங்கள் வயதுக்கு மரியாதை மாமா. வேன் வாடகை பாக்கியையும் இங்கேயே பேசுவோமா?

தொண்டிக்காரி: நம்பர் விஷயம் என்ன ஆச்சு?

மண்டபத்தான்: டெலிகிராமில் குழு திறந்துவிட்டேன். செட்டிங்ஸில் நம்பரை யாருக்கும் காட்டாதபடி மாற்றிவிட்டு வாருங்கள்.

பாம்பன் அலை: அட்மின் நீங்கள்தானே? அதற்குத்தான் இவ்வளவு பாடு. சனிக்கிழமை வேன் நேரம் வாட்ஸ்அப்பில் மட்டும்தான் வரும்.