மக்கான் எஸ் வண்டிக்குக் குளிர்கால டயரா, ஆல் சீசன் டயரா?

கேள்வி: மார்க்கம்வாசி

அனைவருக்கும் வணக்கம். 2020ஆம் ஆண்டுத் தயாரிப்பான போர்ஷே மக்கான் எஸ் வண்டி ஒன்றைக் கடந்த ஜூன் மாதம் வாங்கினேன். 20 அங்குல ரிம்மில், முன்புறம் 265/45, பின்புறம் 295/40 அளவில் (முதல் எண் மில்லிமீட்டரில் அகலம், அடுத்தது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை விழுக்காடு என்பது) கோடைகால டயர்கள் இருக்கின்றன. வார நாட்களில் கனடாவின் மார்க்கம் நகரிலிருந்து டொராண்டோ நகருக்குள் இருக்கும் அலுவலகத்துக்குச் சென்று வருகிறேன். மாதம் இரண்டு முறை, வடக்கே பேரி நகரில் இருக்கும் பெற்றோரைப் பார்க்க 400ஆம் நெடுஞ்சாலையில் செல்கிறேன். ஜனவரியில் மான்ட்ரியலில் உள்ள தங்கை வீட்டுக்கும் போக வேண்டும். நான்கு சக்கர இயக்கம் இருப்பதால், எல்லாப் பருவத்துக்கும் என்று விற்கும் ஆல் சீசன் டயரே போதும் என்று ஒரு கடையில் கூறினார்கள். அடுக்குமாடியில் குடியிருப்பதால் இரண்டாவது செட்டை வைக்கவும் இடமில்லை. உங்கள் ஆலோசனை வேண்டும்.

பதில் 1: வடக்குக்காற்று

சாதாரண ஆல் சீசன் டயரை வாங்காதீர்கள். அதில் இருக்கும் ‘எம்+எஸ்’ (சேறும் பனியும்) குறி மேற்பள்ளங்களின் அமைப்பை மட்டுமே காட்டுகிறது. பனியில் சோதித்துப் பார்த்ததற்கான அடையாளம் அன்று. மூன்று சிகரங்களுக்குள் பனித்துகள் வரைந்த முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மிஷெலின் கிராஸ்கிளைமேட் 2 போன்ற, இங்கே ‘ஆல் வெதர்’ என்று விற்கும் டயர்களில் அந்த முத்திரை உண்டு. ஆண்டு முழுவதும் கழற்றாமல் ஓட்டலாம் என்பதால் இடப் பிரச்சினையும் தீரும். என் குடும்ப வண்டியில் ஐந்து ஆண்டுகளாக அந்த வகை டயரைத்தான் பயன்படுத்துகிறேன். மேலும், மான்ட்ரியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அந்த முத்திரையுள்ள டயர் கட்டாயம் என்பதால், அது இல்லாமல் மான்ட்ரியல் போனால் உங்களுக்கு அபராதம் விழும்.

பதில் 2: ஸ்கார்பரோ டயர்காரன்

பதினான்கு ஆண்டுகளாக டயர் மாற்றும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். முதலில் ஒரு திருத்தம்: கியூபெக் சட்டம் அந்த மாகாணத்தில் பதிவான வண்டிகளுக்கும் அங்கே வாடகைக்கு எடுக்கும் வண்டிகளுக்கும்தான் பொருந்தும், ஒன்டாரியோ எண் தாங்கிய உங்கள் வண்டிக்குப் பொருந்தாது. ஆனால் அபராதம் இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்று ஆகிவிடாது.

நான்கு சக்கர இயக்கம் வண்டியைக் கிளப்பத்தான் உதவும். பிரேக் பிடிக்கும்போதும் வளைவில் திரும்பும்போதும் பிடிமானம் தருவது டயரின் ரப்பர் மட்டுமே, எடை மிகுந்த வண்டிக்கு இது இன்னும் முக்கியம். ஏறத்தாழ 7 டிகிரிக்குக் கீழே கோடைகால ரப்பர் இறுகத் தொடங்கிவிடும். ஜனவரிக் காலையில் வெளியே கிடந்த இரண்டு டயர்களை எங்கள் கடையில் அருகருகே வைத்துக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்த்தால், கோடைகால டயர் பலகையைப் போல நகத்தைத் திருப்பித் தள்ளும். குளிர்கால டயரிலோ நகம் பதியும். நம் ஊரில் பட்டன் என்று சொல்கிறோமே, குளிர்கால டயரில் அந்தக் கட்டிகள் ஒவ்வொன்றிலும் பிளேடால் கீறியதைப் போன்ற மெல்லிய வெட்டுகள் நெருக்கமாக இருக்கும், அவற்றின் விளிம்புகள்தாம் பனியைப் பற்றுகின்றன. கடும் குளிரில் கோடைகால டயரின் மேற்பரப்பு வெடித்துவிடவும் கூடும் என்பதால், இப்போதுள்ள டயர்களுடன் உறைநிலைக்குக் கீழே வண்டியை நகர்த்தவே வேண்டாம்.

ஆகவே தனிக் குளிர்கால செட்டே என் பரிந்துரை. அதிலும் இரண்டு வகை உண்டு. மிஷெலின் பைலட் ஆல்பின் 5 எஸ்யூவி போன்றவை, பனி அகற்றிய சாலையில் ஸ்டியரிங்கின் துல்லியம் குறையாமல் ஓட்ட உதவுபவை. மிஷெலின் எக்ஸ்-ஐஸ் ஸ்னோ, நோக்கியன் ஹக்காபெலிட்டா ஆர்5 எஸ்யூவி போன்றவை பனிக்கட்டியிலும் இறுகிய பனியிலும் பிடிப்பதற்கென்றே செய்தவை. இவை வளைவில் சற்று மெத்தென்று இருக்கும், வேகத் தரமும் குறைவு. மார்க்கத்துக்குள் மட்டும் ஓட்டுவதாக இருந்தால் முதல் வகையைச் சொல்லியிருப்பேன். ஆனால் ஜார்ஜியன் வளைகுடாவின் வெதுவெதுப்பான நீரின் மேல் குளிர்காற்று கடந்து வரும்போது, ஈரத்தை அள்ளிக்கொண்டுவந்து பேரிப் பக்கம் பட்டை பட்டையாகப் பனியைக் கொட்டுகிறது. வெயிலில் கிளம்பி, பத்தே நிமிடத்தில் முன்னால் போகும் வண்டியே தெரியாத வெண்மைக்குள் நுழைந்துவிடும் சாலை அது. மாதம் இரண்டு முறை அங்கே போகும் நீங்கள் இரண்டாம் வகையையே வாங்குங்கள்.

ரிம்மை 19 அங்குலமாகக் குறைத்து, முன்புறம் 235/55, பின்புறம் 255/50 போடுங்கள். அகலம் குறைந்தால் டயர் பனியின் மேல் மிதக்காமல் அதைக் கிழித்துக்கொண்டு இறங்கும். பக்கச்சுவர் உயர்ந்தால் குழியில் விழுந்தாலும் ரிம் தப்பும். இரண்டு அளவிலும் ஒரே மாடல் கிடைக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள், ஏனெனில் முன்னும் பின்னும் வெவ்வேறு மாடலைப் போடக்கூடாது. உத்தரவாதக் காலம் முடியவில்லை என்றால், போர்ஷே ஒப்புதலைக் குறிக்கும் ‘என்’ முத்திரை பற்றியும் விசாரியுங்கள்.

மார்க்கம்வாசி

மிக்க நன்றி, ஐயா. பேரிச் சாலையை நீங்கள் விவரித்தது அப்படியே உண்மை. 19 அங்குல செட் வாங்க முடிவு செய்துவிட்டேன். வைப்பதற்கான இடம்தான் மிச்சமிருக்கும் கவலை.

பதில் 3: நார்த்யார்க் அடுக்குமாடி

நானும் அடுக்குமாடியில்தான் இருக்கிறேன். டயர் மாற்றும் பல கடைகளே பருவக் கட்டணத்துக்கு மற்ற செட்டை வைத்துக்கொள்கின்றன. குளிர்கால டயர் போட்ட வண்டிக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் தள்ளுபடி தர வேண்டும் என்பது ஒன்டாரியோவில் 2016 ஜனவரி முதல் விதி. ஆகவே ரசீதைப் பத்திரப்படுத்தி உங்கள் முகவருக்கு அனுப்பிவிடுங்கள். முதல் பனி விழுந்த மறுநாள் எல்லாக் கடைகளிலும் வரிசை நீண்டுவிடும் என்பதால் அக்டோபர் இறுதிக்கே நேரம் பதிவு செய்துவிடுவது நல்லது. புதிய ரிம்களுக்கும் காற்றழுத்த சென்சார் போடச் சொல்லுங்கள். மாற்றி நூறு கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்டுகளின் இறுக்கத்தை மீண்டும் சரிபார்க்க வேண்டும். கோடைகால டயர்களைக் கழற்றும்போது, எது எந்தப் பக்கத்தில் இருந்தது என்று ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் எழுதச் சொல்லி, அருகிலேயே நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.