வைர மோதிரம் வாங்கிய அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

தை மாதம் தம்பிக்கு நிச்சயதார்த்தம். பெண்ணுக்கு வைர மோதிரம் போட வேண்டும். பட்ஜெட் 60 ஆயிரம். வண்ணாரப்பேட்டை, சவுகார்பேட்டை இரண்டு பக்கமும் ஏறி இறங்கிவிட்டேன். கடை விளக்கில் எல்லாக் கல்லும் ஜொலிக்கிறது, வாசலுக்குக் கொண்டுவந்து பார்த்தால் பாதி மங்கல். ஒற்றைக் கல்லாக 20 சென்ட் (40 மில்லிகிராம்தான்!) எடுப்பதா, சின்னச் சின்னக் கற்கள் பதித்ததா? பட்டை சரியாகத் தீட்டியிருந்தால்தான் ஜொலிப்பு என்கிறார்கள்; அதைக் கண்ணால் கண்டுபிடிப்பது எப்படி? அம்மாவுக்கு 22 காரட் தங்கம்தான் வேண்டும். கடைக்காரரோ கல் உறுதியாக நிற்க 18 காரட்தான் சரி என்கிறார். அப்புறம், ஐஜிஐ சான்றிதழ் (வைரத்தைச் சோதித்துத் தரம் சொல்லும் ஆய்வகச் சான்று) உள்ள மோதிரத்தைத் திரும்பக் கொடுத்தால் எவ்வளவு கழிப்பார்கள்? ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் வாங்கியவர்கள் சொல்லுங்கள். பெண்ணின் விரல் அளவே இன்னும் கைக்கு வரவில்லை, அது தனிக் கதை.