எம்.எல்.ஏ.விடம் மனு கொண்டுபோன அனுபவம்: வேலூர் பக்கத்தவர்கள் எழுதுங்கள்

ஓய்வுபெற்ற ஆசிரியர், ஒடுகத்தூர் அடிவாரம்

ஓட்டுக் கேட்டு வந்தபோது பார்த்த கதை வேண்டாம். ஜெயித்த பிறகு, ஒரு வேலையாக நீங்களே தேடிப்போய்ப் பார்த்த கதையை எழுதுங்கள். கட்சியும் பெயரும் வேண்டாம். என்ன கேட்டீர்கள், அவர் என்ன சொன்னார், பிறகு என்ன நடந்தது என்பது போதும். என்னுடையதை முதலில் வைக்கிறேன்.

மலையடிவாரத்தில் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் வேலை பார்த்தவன் நான். மேலே இருக்கும் சிற்றூர்களின் பிள்ளைகள் ஓடை ஒன்றைக் கடந்துதான் பள்ளிக்கு வர வேண்டும். கோடையில் அது வெறும் கல்லும் மணலும். ஐப்பசி, கார்த்திகையில் இடுப்பளவு தண்ணீர் இழுத்துக்கொண்டு ஓடும். அந்த இரண்டு மாதமும் வருகைப் பதிவேட்டில் அந்தப் பிள்ளைகளின் வரிசை காலியாகவே கிடக்கும். பொங்கலுக்குப் பிறகு சிலர் திரும்பி வருவார்கள். சிலர் வரவே மாட்டார்கள். ஆறாம் வகுப்புக்குப் போக வேண்டிய ஒரு பெண் குழந்தை அப்படி நின்றுபோனதை என்னால் பொறுக்க முடியவில்லை.

நான்கு பெற்றோரை அழைத்துக்கொண்டு ஒருநாள் விடியற்காலையில் எம்.எல்.ஏ. அலுவலகம் போனேன். ஆறரை மணிக்கே ஐம்பது பேர் நின்றார்கள். முதியோர் உதவித்தொகை, பட்டா மாற்றம், மகனுக்குக் கல்லூரியில் இடம், காதுகுத்துப் பத்திரிகை. எங்கள் முறை வந்தது. மனுவை வாங்கி முழுவதும் படித்தார். படித்துவிட்டு, "இந்தப் பாதை யாருடைய நிலத்தில் போகிறது, சார்? வருவாய்த் துறையா, காப்புக்காடா? புல எண் என்ன?" என்று கேட்டார்.

எங்கள் ஐந்து பேருக்கும் தெரியவில்லை. அதற்கு முன் எத்தனையோ மனு கொடுத்திருக்கிறோம், ஒருவரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

"நான் இப்போதே கடிதம் எழுதித் தர முடியும். அது கலெக்டர் அலுவலகம் போகும், அங்கிருந்து வன அலுவலகம் போகும், அங்கேயே தங்கிவிடும். புல எண்ணோடும் கிராம சபைத் தீர்மானத்தோடும் வாருங்கள், நான் விட மாட்டேன்" என்றார். வன உரிமைச் சட்டம் 2006இல் இதற்கு வழி இருக்கிறது என்பதை அன்றுதான் கேள்விப்பட்டேன். பள்ளி, அங்கன்வாடி, ரேஷன் கடை, குடிநீர், சாலை போன்ற பொது வேலைகளுக்கு வனத்தில் வாழும் மக்களுக்காகக் காட்டு நிலத்தை ஒதுக்கலாம். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஹெக்டேருக்குள் இருக்க வேண்டும், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது, கிராம சபையின் பரிந்துரை வேண்டும். மூன்று மீட்டர் அகலப் பாதை என்று கணக்குப் போட்டால், ஒரு ஹெக்டேரில் மூன்று கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகவே போட்டுவிடலாம். எங்களுக்குத் தேவைப்பட்டதோ ஒரு சிறுபாலமும் அதன் இருபுறமும் கொஞ்சம் பாதையும்.

வெளியே வந்தபோது கூட வந்தவர்களுக்குக் கோபம். உதவி கேட்டுப் போனால் வேலை கொடுத்து அனுப்புகிறாரே என்றார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனாலும் அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் போட்டோம். கிராம நிர்வாக அலுவலரிடம் புல எண் வாங்கினோம். மறுபடி போனோம். சொன்னபடியே அவர் விடவில்லை. வன அலுவலரையும் ஒன்றியப் பொறியாளரையும் ஒரே நாளில் ஓடைக்கரைக்கு வரச் செய்தார். அவர்கள் தனித்தனியே வந்திருந்தால் ஒருவர் மேல் ஒருவர் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். தொகுதி மேம்பாட்டு நிதியிலிருந்து பணம் ஒதுக்கினார். பாலம் வருவதற்குள் இரண்டு மழைக்காலம் போய்விட்டது, அது உண்மை. ஆனால் வந்தது.

2023 மே மாதத்தில் அல்லேரி மலையில் பாம்பு கடித்து இறந்த ஒன்றரை வயதுக் குழந்தையை நினைத்துப் பாருங்கள். சாலை இல்லாமல் ஆம்புலன்ஸ் பாதி வழியில் நின்றுவிட, உடலைத் தூக்கிக்கொண்டு அந்தத் தாய் மலையேறி நடந்ததை நாடே பார்த்தது. அதன் பிறகுதான் அந்தச் சாலைக் கோப்புக்கு வேகம் வந்தது. ஒரு பிள்ளை சாகும்வரை காத்திருக்காமல் கோப்பை நகர்த்துவதுதான் கிராமத்து எம்.எல்.ஏ.வின் வேலை என்று நான் நினைக்கிறேன்.


விவசாயி, பேரணாம்பட்டு எல்லை

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். உங்களுக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லை, அதையும் எழுதத்தான் வேண்டும்.

எங்கள் பக்கம் ஆந்திர எல்லைக் காட்டிலிருந்து யானைகள் இறங்கும். ஒரே இரவில் ஒன்றரை ஏக்கர் வாழை போனது. விடிந்ததும் எங்கள் சட்டமன்ற உறுப்பினர் வந்தார். அப்போது மனதுக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. சாய்ந்த வாழைக்கு நடுவே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். "நிவாரணம் வரும்" என்றார். நான் நம்பினேன்.

யானைச் சேதத்துக்குப் பணம் வர வேண்டுமென்றால் வனத் துறை பார்க்க வேண்டும், கிராம நிர்வாக அலுவலர் சான்று தர வேண்டும், பயிரின் மதிப்பை வேளாண்மைத் துறையோ தோட்டக்கலைத் துறையோ சொல்ல வேண்டும். அன்று வயலில் எல்லாரும் இருந்தார்கள். "இப்போதே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்" என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். சொல்லவில்லை. எல்லாரும் அவருடைய காருக்குப் பின்னாலேயே போய்விட்டார்கள். பிறகு நான் ஒவ்வொரு அலுவலகமாக ஏழு மாதம் அலைந்தேன். அவரிடம் இரண்டு முறை போனேன். சென்னையில் இருக்கிறார் என்றார்கள்.

என் தகப்பனார் 1954 இடைத்தேர்தலைப் பற்றிச் சொல்லிச் சொல்லிப் பூரிப்பார். முதலமைச்சராகிவிட்ட காமராஜர் சட்டமன்ற உறுப்பினராக வேண்டியிருந்தபோது எங்கள் குடியாத்தத்தில்தான் நின்று ஜெயித்தார். அப்படிப்பட்ட மண்ணில் பிறந்தவன், ஒரு வாழைத்தோட்டத்துக்காக ஏழு மாதம் நடந்தேன் என்பது இன்றைக்கும் என் நெஞ்சில் நிற்கிறது.


செவிலியர், ஜவ்வாது மலை

நான் மலையாளிப் பழங்குடிப் பெண். வெளியூர் நண்பர்கள் கேரளா என்று நினைத்துவிடுகிறார்கள், அதனால் சொல்கிறேன்: நாங்கள் தலைமுறை தலைமுறையாக இந்த மலையில் இருப்பவர்கள். பழங்குடிகள் பட்டியலில் எங்கள் பெயருக்குப் பக்கத்தில் இன்னும் வட ஆற்காடு மாவட்டம் என்றுதான் இருக்கிறது. 1989இல் வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்தது. 2019 நவம்பரில் வேலூர் மூன்றாகப் பிரிந்தது. நாங்கள் இடம் மாறவே இல்லை, எங்களுக்கு மேலே மாவட்டத்தின் பெயர்தான் மாறிக்கொண்டே இருந்தது.

எங்களுக்குச் சாதிச் சான்றிதழ் தருவது தாசில்தார் இல்லை, கோட்டாட்சியர். நர்சிங் சேர்க்கைக்கு நான் விண்ணப்பித்துப் பல மாதமாகியும் பதில் இல்லை. கடைசி நாள் நெருங்கியது. அப்பா என்னை எம்.எல்.ஏ.விடம் அழைத்துப் போனார். "நீங்கள் ஒரு போன் போட்டால் கொடுத்துவிடுவார்கள், ஐயா" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

அவர் மறுத்துவிட்டார். "அம்மா, சான்றிதழ் கொடு என்று நான் சொல்லக் கூடாது. இன்றைக்கு உனக்குச் சொன்னால், நாளைக்குத் தகுதி இல்லாதவனுக்கும் சொல்லச் சொல்லி என் வாசலில் நிற்பார்கள். உன் பங்கைத்தான் அவன் எடுத்துக்கொண்டு போவான். ஆனால் ஏன் தாமதம் என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறது" என்றார். எங்கள் கண் முன்னாலேயே கடிதம் எழுதச் சொன்னார். விண்ணப்ப எண், கொடுத்த தேதி, விசாரணை எந்தக் கட்டத்தில் இருக்கிறது, எப்போது முடியும். அவ்வளவுதான் அதில் இருந்தது. ஒரு பிரதி எங்களுக்கும் தந்தார்.

பத்து நாளில் விசாரணைக்கு ஊருக்கு வந்தார்கள். பாட்டியிடம் பேசினார்கள், குலதெய்வக் கோயிலைப் பார்த்தார்கள். சான்றிதழ் வந்தது. அப்பாவுக்குக் கடைசிவரை ஒரு குறை இருந்தது, ஒரு போன் போட்டிருக்கலாமே என்று. எனக்கு அந்தக் குறை இல்லை. இன்று என் வார்டில் யாராவது என் படிப்பைப் பற்றிக் கேட்டால், யாருடைய சிபாரிசும் இல்லாமல் வாங்கிய சான்றிதழ் என்று சொல்ல முடிகிறது.


இலவம்பாடிக்காரர்

எங்கள் முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விலை சரிந்த வருடம் சேமிப்புக் கிடங்கு கேட்டு எம்.எல்.ஏ.விடம் போனோம். நல்லபடியாகப் பேசினார், டீ கொடுத்தார், இன்னும் நடக்கவில்லை. நடந்தால் வந்து எழுதுகிறேன்.


ஓய்வுபெற்ற அலுவலர், ஊராட்சி ஒன்றியம்

மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்தும் ஒருவர் எழுத வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

எம்.எல்.ஏ. கையில் பெரிய பணப்பை இருக்கிறது என்று மக்கள் நினைக்கிறார்கள். தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். ஒரு கிராமத்துத் தொகுதியில் எத்தனை ஊராட்சி, ஒவ்வொன்றிலும் எத்தனை குக்கிராமம் என்று எண்ணிப் பாருங்கள். ஊருக்கு ஒரு தெருவில் சிமெண்ட் சாலை போடக்கூட அது காணாது. அதையும் அவர் செலவழிப்பதில்லை. அவர் வேலையைப் பரிந்துரைப்பார், கலெக்டர் நிர்வாக அனுமதி தருவார், பெரும்பாலும் எங்களைப் போன்ற ஒன்றிய அலுவலகம்தான் மதிப்பீடு போட்டு வேலையை முடிக்கும். நிலம் யாருடையது என்று தெரியாமல் வரும் பரிந்துரை எங்கள் மேசையிலேயே திரும்பிவிடும். ஆசிரியரிடம் அந்த எம்.எல்.ஏ. முதலில் புல எண் கேட்டதைப் படித்தபோது, தொழில் தெரிந்த மனிதர் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

அவருடைய உண்மையான பலம் கோட்டையில் இருக்கிறது. என் முப்பது வருட வேலையில் கண்டதைச் சொல்கிறேன். நம்முடைய ஊரைப் பற்றிச் சட்டமன்றத்தில் ஒரு வினா வரப்போகிறது என்றால், பதில் தயாரிக்கச் சென்னையிலிருந்து கலெக்டர் அலுவலகத்துக்குக் கேட்பார்கள், அங்கிருந்து எங்களுக்கு. இரவு எட்டு மணிக்குத் தொலைபேசி வரும். "அந்தத் தரைப்பாலம் எந்த நிலையில் இருக்கிறது, மதிப்பீடு எவ்வளவு, ஏன் நிற்கிறது?" வருடக்கணக்கில் கட்டிவைத்த கோப்பை அந்த இரவே பிரிப்போம். மறுநாள் காலை பொறியாளர் ஜீப்பில் அந்த இடத்துக்குப் போவார். மனுவால் எழாத கோப்பு வினாவால் எழுந்ததை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

அமைச்சர் அவையில் "செய்து தருகிறேன்" என்று சொல்லிவிட்டால் அது காற்றோடு போவதில்லை. அவைக்குறிப்பில் ஏறுகிறது. அந்த வாக்குறுதிகள் நிறைவேறினவா என்று பார்க்க அரசு உறுதிமொழிக் குழு என்றே ஒரு குழு இருக்கிறது. மனுக்கள் குழுவும் இருக்கிறது, பொதுமக்களே அதற்கு எழுதலாம். 2022 ஆகஸ்டில் ஒவ்வொரு எம்.எல்.ஏ.விடமும் தொகுதியின் பத்து முக்கியக் கோரிக்கைகளை கலெக்டரிடம் தரும்படி முதலமைச்சர் கேட்டார். அந்தப் பட்டியலில் உங்கள் ஊர் வேலை இருந்ததா என்று நீங்கள் யாராவது போய்க் கேட்டீர்களா? எங்கள் ஒன்றியத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. எனக்கு அது வருத்தம்தான்.

பேரணாம்பட்டுக்காரர் எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்தக் காருக்குப் பின்னால் போனவர்களில் என்னைப் போன்ற அலுவலர்களும் இருந்திருப்பார்கள். அங்கேயே நின்று எழுத வேண்டியது எங்கள் கடமையும்தான்.


மகளிர் குழு உறுப்பினர், கே.வி.குப்பம் பக்கம்

இங்கே எல்லாரும் அலுவலகத்துக்குப் போனதைச் சொல்கிறீர்கள். எங்களால் அங்கே பேசவே முடியாது. முன் வரிசை முழுக்கக் கட்சி ஆட்கள், எல்லாரும் ஆண்கள். கழிப்பறை பற்றியும், இருட்டில் பஸ் நிறுத்தத்திலிருந்து பெண்கள் நடந்து வருவதைப் பற்றியும் அந்தக் கூட்டத்தில் எப்படிச் சொல்வது?

ஒரு மே தினக் கிராம சபைக்கு எம்.எல்.ஏ. வந்தார். நாற்காலி போட்டிருந்தும் உட்காராமல், பெண்கள் பக்கம் வந்து நின்று, "நீங்கள் முதலில் சொல்லுங்கள்" என்றார். முதலில் யாரும் வாயைத் திறக்கவில்லை. அவர் காத்திருந்தார். பிறகு எழுபது வயதுப் பாட்டி ஒருவர் எழுந்து தெருவிளக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தார், அதன் பின் ஒருவராலும் எங்களை நிறுத்த முடியவில்லை. விளக்கு இரண்டு வாரத்தில் வந்தது. மாலை பஸ்ஸை ஊருக்குள் திருப்பும் கோரிக்கை இன்னும் நிற்கிறது. இப்போது ஆண்டுக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. ஆறுக்கும் வாருங்கள் என்று அடுத்தவரிடமும் சொல்வேன்.


ஓய்வுபெற்ற ஆசிரியர், ஒடுகத்தூர் அடிவாரம்

அம்மா, உங்கள் பஸ் கோரிக்கையில் வழித்தட எண்ணும், நேரமும், தினமும் எத்தனை பெண்கள் அந்த வழியில் வருகிறார்கள் என்பதும் இருக்கட்டும். நம் ஒன்றிய அலுவலர் ஐயா சொன்னதைப் பார்த்தால், அவையில் வினா கேட்கச் சொல்வதற்கு அதுவே போதும்.

பேரணாம்பட்டு அண்ணா, ஏழு மாதம் கழித்தாவது பணம் வந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. எழுதுங்கள்.

எங்கள் பாலத்துக்கு மேலே இன்னும் ஒன்றரைக் கிலோமீட்டர் மண்பாதை இருக்கிறது. நவம்பர் 1 கிராம சபையில் அதற்குத் தீர்மானம் வைக்கப் போகிறோம். பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை பக்கத்து உறுப்பினர்கள் யாரிடமாவது வன உரிமைச் சட்டத்தின்படி சாலைக்காகப் போட்ட தீர்மானத்தின் நகல் இருந்தால் இங்கே பகிருங்கள். வாசகத்தில் ஒரு சொல் பிசகினாலும் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.