1970 ஷெவெல் எஸ்எஸ் 454: "நம்பர்ஸ் மேட்சிங் எல்எஸ்6" என்கிறார் விற்பவர், நம்பலாமா?

ஆக்டேன்93 கேட்டது:

மேரிலாந்தில் ஒரு 1970 ஷெவர்லே ஷெவெல் எஸ்எஸ் 454 ("சூப்பர் ஸ்போர்ட்" வகை, 454 கன அங்குல இன்ஜின்) கார் விற்பனைக்கு வந்திருக்கிறது. எல்எஸ்6 இன்ஜின் (454-களில் பலம் கூடியது), எம்22 நாலு கியர், பாடியை ஃபிரேமிலிருந்து கழற்றிச் செய்த முழு ரெஸ்டோரேஷன், நம்பர்ஸ் மேட்சிங் (இன்ஜின் எண் வண்டி எண்ணோடு பொருந்துவது, அதாவது அசல் இன்ஜின்) என்று விளம்பரம் சொல்கிறது. கிரான்பெரி சிவப்பு, கறுப்புக் கோடுகள். பில்ட் ஷீட் (வண்டியில் என்னென்ன போட வேண்டும் என்று ஆலையில் எழுதிய தாள்) இல்லை. வின் (வண்டியின் அடையாள எண்) 136370பி என்று தொடங்குகிறது. கேட்கும் விலை அசல் எல்எஸ்6-க்கு உள்ள விலை. போய்ப் பார்ப்பதற்கு முன் என்னென்ன படங்கள் கேட்கலாம்?

முத்திரைஎண்:

வின்னை வைத்து அது எஸ்எஸ் என்று சொல்லவே முடியாது. 1 ஷெவர்லே, 36 வி8 மாலிபு, 37 ஸ்போர்ட் கூபே, 0 என்பது 1970, பி பால்டிமோர் ஆலை. அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. அந்த வருடம் எஸ்எஸ் தனி மாடல் அல்ல, ஆப்ஷன்தான் (396-க்கு இசட்25, 454-க்கு இசட்15). சின்ன 307 வி8 போட்டு வந்த மாலிபுவுக்கும் இதே எண்தான். ஷெவெல்லில் இவ்வளவு போலி நடமாடுவதற்குக் காரணம் இது. பாண்டியாக் என்றால் பாண்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் (பிஎச்எஸ்) நிறுவனத்துக்குப் பணம் கட்டி அசல் பதிவின் நகலை வாங்கிவிடலாம். அமெரிக்காவில் விற்ற ஷெவர்லேவுக்கு அந்த வழி கிடையாது.

ஆகவே மூன்று படம் கேளுங்கள்.

முதலாவது இன்ஜின் பேட். வலப்பக்க ஹெட்டுக்கு முன்னால், பிளாக்கில் தட்டையாக இருக்கும் இடம். துணியால் எண்ணெயைத் துடைத்தால் போதும், உப்புத்தாள் போடக் கூடாது. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து எடுக்கச் சொல்லுங்கள். டோனவாண்டா ஆலையைக் குறிக்கும் டி, பிறகு மாதமும் தேதியும், கடைசியில் மூன்றெழுத்துக் குறியீடு. சிஆர்வி என்றால் எல்எஸ்6, 450 குதிரைத்திறன். சிஆர்டி என்றால் எல்எஸ்5, 360 குதிரைத்திறன். வின்னின் கடைசி எண்களும் பிளாக்கில் குத்தியிருக்க வேண்டும்.

இரண்டாவது, ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் உட்காரும் பகுதிக்கும் நடுவிலுள்ள தடுப்பு) இருக்கும் டிரிம் டேக் என்ற சிறு தகடு. பாடி எந்த மாதம், எந்த வாரம் என்று அதில் உண்டு. பெயின்ட் குறியீடு 75 என்று இருந்தால் கிரான்பெரி சிவப்பு அசல் நிறம்.

மூன்றாவது கியர்பாக்ஸ். மன்சி என்ற அந்தக் கியர்பாக்ஸின் கேஸில் உள்ள தேதிக் குறியீடு சி-யில் முடிந்தால் எம்22, பி என்றால் எம்21, ஏ என்றால் எம்20.

பில்ட் ஷீட் இல்லை என்று விடாதீர்கள். பெட்ரோல் டேங்கின் மேல்பக்கமோ, பின் சீட் ஸ்பிரிங்கிலோ ஒட்டிக்கொண்டிருக்கும். ஆனால் பாடியைக் கழற்றிச் செய்த வண்டியில் இருந்திருந்தால் அப்போதே கையில் சிக்கியிருக்கும்.

மேக்னட்_மணி:

நம்பர் சரியாக இருந்தாலும் தகரம் வேறு கதை சொல்லும். ஷெவெல்லில் துரு தொடங்குவது பின் கண்ணாடியின் கீழ்ச் சட்டத்தில். அங்கே ஓட்டை விழுந்தால் தண்ணீர் நேராக டிக்கி தரைக்கு இறங்கும், அங்கிருந்து பின் ஃபெண்டரின் உள்பக்கக் குழிக்கு. டிக்கி பாயைத் தூக்கிப் பாருங்கள். புதுப் பெயின்ட் அடித்திருந்தால் அதுவே ஒரு சேதி.

பெயின்ட் தடிமன் அளக்கும் கருவி கொண்டு போங்கள். ஃபேக்டரி பெயின்ட் 100 முதல் 150 மைக்ரான். திரும்ப அடித்தது 200, 300 வரை வரும், தப்பில்லை. பின் சக்கரத்துக்குப் பின்னால் 1000-ஐத் தாண்டினால் பட்டி. கீழே படுத்து, பின் ஆக்ஸிலுக்கு மேல் ஃபிரேம் வளைந்து ஏறும் இடத்தை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டுங்கள். மண் தேங்கி உள்ளிருந்தே அரிக்கும் இடம் அது. நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும்.

எஸ்எஸ்-ஸின் தடயங்களும் கீழேதான்: 12 போல்ட் டிஃபரென்ஷியல், பெட்டியாக அடைத்த பின் கீழ் கண்ட்ரோல் ஆர்ம், பின் ஸ்டெபிலைசர் பார், 3/8 அங்குல பெட்ரோல் லைன். லைன் 5/16 என்றால் வண்டி சின்ன இன்ஜினோடு பிறந்தது. இதெல்லாம் கடையில் கிடைக்கும் பாகங்கள். ஆகவே இருந்தால் நிரூபணமில்லை, இல்லாவிட்டால்தான் சேதி.

ஆக்டேன்93:

படங்கள் வந்துவிட்டன. பேடில் டி0213சிஆர்வி என்று இருக்கிறது. வின் எண்களும் பொருந்துகின்றன. எழுத்துகள் மிகத் தெளிவு, பேட் கண்ணாடிபோல வழுவழுப்பு. டிரிம் டேக்கில் 01டி, பெயின்ட் 75. ஹெட் மேற்பரப்பு சீராக இருக்க ரீபில்டில் பிளாக்கைச் சீவினார்களாம், அதனால்தான் வழுவழுப்பு என்கிறார்.

முத்திரைஎண்:

01டி என்றால் ஜனவரி நாலாவது வாரம். இன்ஜின் கூட்டிய தேதி பிப்ரவரி 13. பாடி கட்டிச் சில நாளில் லைனை விட்டு வெளியேறியிருக்க வேண்டிய வண்டிக்கு, இன்னும் பிறக்காத இன்ஜினை எப்படி மாட்டினார்கள்?

அவர் சொல்லும் சமாதானம் அவரையே மாட்டிவிடுகிறது. பேடும் ஹெட் உட்காரும் பரப்பும் ஒரே மட்டம். பேடையும் சேர்த்துச் சீவினால் பழைய முத்திரை சீவலோடு போயிருக்கும். சீவிய பரப்பில் முத்திரை இருக்கிறது என்றால் சீவிய பிறகு குத்தியது. ஃபேக்டரி பேடில் முன்னிருந்து பின்னாக மெல்லிய இணைகோடுகள் ஓடும், அதன் மேல்தான் எழுத்து.

இன்னொரு சோதனை: பிளாக்கின் வார்ப்பு எண் 3963512-ஆ, வார்ப்புத் தேதி என்ன? ஏ ஜனவரி, பி பிப்ரவரி என்று மாதத்துக்கு ஓர் எழுத்து. வால்வ் கவரைக் கழற்ற விட்டால் ஹெட்டையும் பாருங்கள். 3964291 என்றால் செவ்வகப் போர்ட் (ஹெட்டில் காற்று போகும் வழி), எல்எஸ்6. 3964290 என்றால் ஓவல் போர்ட், எல்எஸ்5.

சாலிட்லிஃப்டர்:

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் ஓட்டுவதற்கு என்றால் வண்டியை ஒதுக்க வேண்டியதில்லை, விலைதான் வேறு. 454 போட்ட மாலிபு என்று கணக்கிட்டுப் பேசுங்கள்.

போகும்போது இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், முன்கூட்டியே ஓட்டி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எல்எஸ்6-க்கு சாலிட் லிஃப்டர் (கேமின் அசைவை வால்வுக்குக் கடத்தும் கெட்டிப் பாகம்), ஐடிலில் தையல் மிஷின் மாதிரி டிக்டிக் என்று கேட்கும். சத்தமே இல்லாவிட்டால் உள்ளே ஹைட்ராலிக் கேம் (எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் லிஃப்டருக்கானது). லாஷ் (வால்வ் இடைவெளி) சூட்டில் இன்டேக் 0.024, எக்ஸாஸ்ட் 0.028 அங்குலம். எண்ணெய் அழுத்தம் சூடான பிறகு ஒவ்வொரு 1000 ஆர்பிஎம்முக்கும் 10 பிஎஸ்ஐ வர வேண்டும். லீக்டவுன் டெஸ்ட் (சிலிண்டரில் காற்று எவ்வளவு கசிகிறது என்ற சோதனை) கேளுங்கள்: 10 சதவீதத்துக்குள் நல்லது, 20-ஐத் தாண்டினால் இன்ஜினை இறக்கும் செலவையும் விலையில் கழியுங்கள்.

எந்த பிஸ்டன் போட்டார்கள் என்று ரீபில்ட் பில்லில் பாருங்கள். அசல் கம்ப்ரஷன் விகிதம் 11.25. பம்பில் கிடைக்கும் 93 ஆக்டேனில் அது தட்டும் (பெட்ரோல் தாறுமாறாக வெடித்து சத்தம் வரும்). தட்டாமலிருக்க தீப்பொறி டைமிங்கைப் பின்னுக்கு இழுத்தால் சூடேறும், பலமும் போகும். ரேஸிங் பெட்ரோல் கலக்க வேண்டும், இல்லையென்றால் பிஸ்டனை மாற்ற வேண்டும். எண்ணெயில் துத்தநாகச் சேர்மானமான இசட்டிடிபி போதாவிட்டால் கேமின் மேடுகள் தேய்ந்து தட்டையாகும், இப்போதைய கார் எண்ணெய்களில் அது குறைவு. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸைத் தின்னும்.

வாங்குவதாக முடிவானால், விற்பனைப் பத்திரத்தில் "அசல் எல்எஸ்6", "நம்பர்ஸ் மேட்சிங்" இரண்டும் இருக்கக் கூடாது. டாஷ்போர்டு வின், ஹீட்டர் பெட்டிக்குப் பின்னால் ஃபயர்வாலில் மறைந்திருக்கும் எண், டைட்டில் (உரிமைப் பத்திரம்) மூன்றும் ஒன்றா என்று சரிபாருங்கள். அதில் ஒன்று பொருந்தாவிட்டால் எந்த விலைக்கும் வேண்டாம்.