மார்க்கைப் பார்த்தால் வித்தியாசம் தெரிகிறது, டி டெஸ்ட் இல்லை என்கிறது. எங்கே தப்பு?

கபிஸ்தலம் மாணவி:

வணக்கம். நான் பி.எஸ்சி. உளவியல் இரண்டாம் ஆண்டு. ஆய்வு முறைகள் பாடத்துக்கு ஒரு சின்னப் பரிசோதனை செய்து ரெக்கார்டில் எழுத வேண்டும்.

எங்கள் தெருவில் ஆடி மாதம் முழுக்க மாரியம்மன் கோயில் மைக்செட் பாடிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தில் படித்தால் மனசில் நிற்காது என்று நானும் தம்பியும் வருஷா வருஷம் சொல்வோம். அதையே சோதித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. பாட்டைப் போனில் பதிவு செய்துகொண்டேன். வகுப்புத் தோழிகள் பத்துப் பேருக்கு 20 தமிழ்ச் சொற்களைக் கொடுத்து, இரண்டு நிமிடம் படிக்கச் சொல்லி, நினைவில் இருப்பதை எழுத வைத்தேன். ஒரு தடவை அமைதியான அறையில், ஒரு தடவை மைக்செட் பாட்டை ஓடவிட்டு. சரியாக எழுதிய சொற்கள் இவை, ஆள் வரிசை மாறாமல்:

அமைதியில்: 14, 9, 12, 16, 8, 11, 13, 7, 15, 10
சத்தத்தில்: 12, 8, 9, 15, 8, 9, 12, 6, 12, 9

சராசரி 11.5, 10. சத்தத்தில் ஒருவர்கூட அதிகம் எழுதவில்லை. ஒரே ஒருத்திக்கு மட்டும் இரண்டிலும் 8. ஆனால் எக்செல்லில் டி டெஸ்ட் (இரண்டு சராசரிகளின் வித்தியாசத்தைச் சோதிக்கும் கணக்கு) போட்டால் பி மதிப்பு சுமார் 0.25 வருகிறது. 0.05க்குக் கீழே போனால்தானே ரிசல்ட் என்று சொல்லலாம்? ‘நல் ஹைபாதிசிஸ் (வித்தியாசமே இல்லை என்ற கருதுகோள்) உண்மையாக இருக்க 25 சதவீத வாய்ப்பு உண்டு’ என்று ரெக்கார்டில் எழுதியும் விட்டேன். அது சரிதானா?

தோழி ஒருத்தி, அந்த 8-8 பெண்ணை நீக்கிவிடு, ஒன் டெயில்டு (கூடுமா குறையுமா என்று ஒரு பக்கத்தை மட்டும் பார்ப்பது) போட்டால் பி பாதியாகிவிடும் என்கிறாள். எனக்கு மனசு ஒப்பவில்லை. புதன்கிழமை காட்ட வேண்டும். அக்கா, அண்ணன் யாராவது வழி சொல்லுங்கள்.

குடமுருட்டி:

யாரையும் நீக்க வேண்டாம். முதலில் ஒன்று சொல்லுங்கள்: எக்செல்லில் டி.டெஸ்ட் சூத்திரத்தின் அடைப்புக்குறிக்குள் கடைசி எண் என்ன போட்டீர்கள்? இரண்டு தடவையும் எழுதியது அதே பத்துப் பேர்தானே?

கபிஸ்தலம் மாணவி:

கடைசி எண் 2 அக்கா. யூடியூபில் அப்படித்தான் போட்டார்கள். ஆமாம், அதே பத்துப் பேர்தான்.

குடமுருட்டி:

அப்போது சிக்கல் அங்கேதான். அந்த இடத்தில் 2 போட்டால், இவை இரண்டும் வெவ்வேறு ஆட்களின் மார்க் என்று அர்த்தம். எக்செல் உங்கள் பத்துப் பேரை இருபது பேராக எண்ணிக்கொண்டுவிட்டது. அதே ஆட்களைத் திரும்பச் சோதித்தால் 1 போட வேண்டும். அதுதான் பேர்டு டி டெஸ்ட், இணை டி சோதனை.

ஏன் இவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள். உங்கள் தோழிகளில் ஒருத்தி 16 சொல் எழுதுகிறாள், இன்னொருத்தி 7. இந்த ஏற்றத்தாழ்வு மைக்செட்டால் வந்ததல்ல, அவரவர் ஞாபக சக்தி. வெவ்வேறு ஆட்கள் என்று கணக்குப் போட்டால் 1.5 சொல் வித்தியாசம் இந்த ஏற்றத்தாழ்வுக்குள் முங்கிப்போய், டி மதிப்பு 1.18 என்று நின்றுவிடுகிறது. ஒவ்வொருவரையும் அவரோடே ஒப்பிட்டுக் கழித்துப் பாருங்கள்: 2, 1, 3, 1, 0, 2, 1, 1, 3, 1. சராசரி 1.5. இந்த வித்தியாசங்களின் திட்ட விலக்கம், அதாவது சராசரியைச் சுற்றி அவை சிதறும் அளவு, 0.97தான். அதை 10இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் திட்டப் பிழை 0.31. ஆக டி மதிப்பு சுமார் 4.9. டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் (இங்கே ஆட்களின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு) 9க்கு அட்டவணையில் 0.05இன் எல்லை 2.262. எவ்வளவோ தாண்டிவிட்டது.

உங்களுக்கு நேர்ந்தது இந்தச் சோதனை பிறந்த இடத்திலேயே இருக்கிறது. டப்ளினில் கின்னஸ் மது ஆலையில் வேலை பார்த்த காசெட், ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் 1908இல் எழுதிய கட்டுரையில் எடுத்துக்காட்டிய தரவும் பத்தே பேர்தான். இரண்டு தூக்க மருந்துகளால் ஒவ்வொரு நோயாளியும் எத்தனை மணி நேரம் கூடுதலாகத் தூங்கினார் என்ற கணக்கு. இன்றைய மென்பொருளில் அதை வெவ்வேறு ஆட்களாகப் போட்டால் பி 0.079 வரும். இணையாகப் போட்டால் 0.003க்கும் கீழே. தரவு அதேதான்.

அப்புறம் அந்த ரெக்கார்டு வாக்கியத்தை மாற்றிவிடுங்கள். பி மதிப்பு நல் ஹைபாதிசிஸ் உண்மையா என்பதன் வாய்ப்பைச் சொல்லாது. சத்தத்தால் ஒரு வித்தியாசமும் இல்லை என்று முதலில் வைத்துக்கொள்கிறோம். அப்படியே இருந்தால், வெறும் தற்செயலாக இவ்வளவு பெரிய, அல்லது இதைவிடப் பெரிய டி மதிப்பு எவ்வளவு அபூர்வமாக வரும் என்பதுதான் பி. பி 0.25 என்று வந்திருந்தாலும் ‘வித்தியாசம் இல்லை’ என்று நிரூபணம் ஆகாது. இந்தத் தரவு போதவில்லை, அவ்வளவுதான்.

தோழி சொன்னதில் உங்கள் மனசு ஒப்பாதது சரிதான். ஒன் டெயிலா டூ டெயிலா, யாரை நீக்குவது என்பதையெல்லாம் தரவைப் பார்க்கும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். பார்த்துவிட்டு மாற்றினால் 0.05 என்ற எல்லைக்கே மதிப்பில்லை. 2015இல் உளவியலின் 100 ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்தார்கள். முதலில் 97 சதவீதம் 0.05க்குக் கீழே வந்திருந்தன, மறுபடி செய்தபோது 36 சதவீதம்தான் வந்தன. இப்படி வளைப்பதும் அதற்கு ஒரு காரணம் என்று பலர் கருதுகிறார்கள். நம் பாடத்தின் மேல் எனக்கு அக்கறை உண்டு, அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கபிஸ்தலம் மாணவி:

1 போட்டேன் அக்கா, பி 0.001க்கும் கீழே! இரண்டு நாளாக இதே கவலையில் இருந்தேன். ரொம்ப நன்றி. ‘மைக்செட் சத்தம் நினைவாற்றலைக் குறைக்கிறது’ என்று முடிவுரை எழுதிவிடட்டுமா?

ஆடுதுறை பக்கம்:

தங்கச்சி, அதை எழுதும் முன்னால் ஒரு நிமிஷம். நான் உளவியல் படித்தவன் இல்லை. வேளாண்மை படித்துவிட்டு ஊரில் சாகுபடி பார்க்கிறேன். ஆனால் வயல் சோதனைக்கும் இதே கணக்குதான். புள்ளியியல் அறிஞர் ஃபிஷர் 1919இல் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் சேர்ந்து, வயல் கணக்குகளைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்த முறைகளில் பலவற்றை வகுத்தார்.

குறுவைக்குத் தலைமடை வயலில் ஏடிடி 43, கடைமடை வயலில் கோ 51 நடுகிறேன் என்று வையுங்கள். தலைமடையில் மூட்டை கூடக் கண்டது. அது ரகத்தாலா, தண்ணீராலா? பி மதிப்பு 0.001 வந்தாலும் இதற்கு அதனிடம் பதில் கிடையாது. வெறும் தற்செயலாக இவ்வளவு வித்தியாசம் வருவது அபூர்வம் என்று மட்டும் சொல்லும். எதனால் என்பதை நட்ட விதம்தான் சொல்ல வேண்டும். அதனால்தான் ஆராய்ச்சி நிலையத் திடல்களில் ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் எல்லா ரகமும் வரும்படி, எந்தப் பாத்தியில் எது என்று குலுக்கிப் போட்டு நடுகிறார்கள்.

உங்கள் பத்துப் பேருக்கும் எது முதலில் நடந்தது, அமைதியா சத்தமா? இரண்டு தடவையும் ஒரே சொற்களா?

கபிஸ்தலம் மாணவி:

எல்லாருக்கும் அமைதிதான் முதலில். பத்து நிமிடம் கழித்துச் சத்தம். சொற்பட்டியல் வேறு வேறு. முதல் பட்டியலில் குடம், ஏணி, வாழை மாதிரி. இரண்டாவதை அவசரமாக எழுதினேன், அதில் பொறுமை, நிர்வாகம், மரபு மாதிரி நிறைய இருக்கின்றன. இப்போது எனக்கே புரிகிறது அண்ணா.

குடமுருட்டி:

நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. நன்றி அண்ணா.

கண்ணால் காணக்கூடிய பொருளின் பெயர் எளிதில் நினைவில் நிற்கும், பொறுமை மாதிரி அருவமான சொல் அவ்வளவு நிற்காது. போதாக்குறைக்கு, முதலில் படித்த பட்டியல் அடுத்த பட்டியலை நினைவுகூரும்போது குறுக்கே வரும். உளவியலில் இது நன்றாகத் தெரிந்த விஷயம். களைப்பு வேறு. ஆக அந்த 1.5 சொல்லுக்கு இப்போது நான்கு பேர் சொந்தம் கொண்டாடலாம்: சத்தம், பட்டியல், குறுக்கீடு, களைப்பு.

நேரம் கேட்டு வாங்க முடிந்தால் திரும்பச் செய்யுங்கள். இரண்டு பட்டியலையும் ஒரே தரமான சொற்களால் எழுதுங்கள். 20 பேரை நாலு குழுவாகத் திருவுளச்சீட்டுப் போட்டுப் பிரியுங்கள், குழுவுக்கு ஐந்து பேர். பாதிப் பேருக்கு அமைதி முதலில், பாதிப் பேருக்குச் சத்தம் முதலில். அந்த ஒவ்வொரு பாதியிலும் ஒரு குழுவுக்கு அமைதியில் முதல் பட்டியல், மறு குழுவுக்கு அமைதியில் இரண்டாம் பட்டியல். அப்போது வரிசையும் பட்டியலும் இரு பக்கமும் சமமாகிவிடும். ஸ்பீக்கர் ஒலி அளவு எல்லாருக்கும் ஒன்றாக இருக்கட்டும்.

கபிஸ்தலம் மாணவி:

மேடத்திடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அடுத்த திங்கள் வரை நேரம் கொடுத்தார்கள். பழைய பக்கங்களைக் கிழித்துவிடலாமா? அப்புறம், 20 பேரில் பி குறையாவிட்டால் இன்னும் நாலைந்து பேரைச் சேர்க்கலாமா?

குடமுருட்டி:

கிழிக்காதீர்கள். ‘முன்னோட்டச் சோதனை’ என்று தலைப்பிட்டு, அதில் என்ன குறை, அதனால் எதை மாற்றினேன் என்று எழுதுங்கள். ரெக்கார்டில் நான் முதலில் படிக்க விரும்பும் பக்கம் அதுதான்.

ஆள் சேர்ப்பது கூடாது. பி குறையும் வரை சேர்த்துக்கொண்டே பார்த்தால், வித்தியாசமே இல்லாத இடத்திலும் ஏதோ ஒரு கட்டத்தில் 0.05க்குக் கீழே இறங்க நிறைய வாய்ப்பு உண்டு. 20 பேர், டூ டெயில்டு, இணை டி சோதனை என்று இன்றைக்கே தேதி போட்டு நோட்டில் எழுதிவிடுங்கள். முடிவில் பி மதிப்போடு எத்தனை சொல் குறைந்தது என்பதையும் 95 சதவீத நம்பக இடைவெளியோடு (உண்மையான வித்தியாசம் எதிலிருந்து எதுவரை இருக்கலாம் என்ற மதிப்பீடு) எழுதுங்கள். பழைய தரவில் அது 0.8 முதல் 2.2 சொல் வரை வருகிறது, புதியதை அதோடு ஒப்பிடலாம்.

கபிஸ்தலம் மாணவி:

எழுதிவிட்டேன் அக்கா. புதுப் பட்டியலின் முதல் எட்டுச் சொற்கள்: குடம், ஏணி, கதவு, கரகம், படகு, வேம்பு, தறி, உரல். சரியா?

ஆடுதுறை பக்கம்:

கரகமும் வேம்பும் உங்கள் மைக்செட் பாட்டிலேயே வருமே தங்கச்சி. சத்தத்தில் படிப்பவர்களுக்கு ஸ்பீக்கரே விடை சொல்லிக் கொடுத்துவிடும்.

கபிஸ்தலம் மாணவி:

பாட்டை மறுபடி முழுக்கக் கேட்டேன் அண்ணா, இரண்டுமே வருகின்றன. முறம், கயிறு என்று மாற்றிவிட்டேன். குடம்கூட ஒரு வரியில் வருகிறது, அதையும் எடுத்துவிட்டுப் பலகை போட்டிருக்கிறேன்.